பல் டாக்டரோட கடைசி லேண்டிங்

இல்லம்மா, சாரோட லாக்கருக்கு அந்தச் சின்ன சாவிதான். கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுத் திருப்புங்க, மக்கர் பண்ணும். நானே திறந்து குடுத்திருப்பேன், இந்தக் கை இன்னும் தோளுக்கு மேல எழும்ப மாட்டேங்குது. ஏழு வாரம் ஆச்சு. எலும்பு கூடிடுச்சுங்கறாங்க.

ஆமா, சாரோட ஷூதான். விமானத்துல ஏறும்போது இதைத்தான் மாட்டிப்பாரு. அடி மெலிசா இருந்தாத்தான் பெடல் காலுக்குத் தெரியுதும்பாரு. அந்த நாற்காலி ஆடும்மா, இப்படி உக்காருங்க.

அவருக்கு ஓட்டச் சொல்லிக்குடுத்தது நான்தான். என்ன, சின்னப் பொண்ணா இருக்காளேன்னு பாக்கறீங்களா? இருபத்தாறு. முதல் நாள் சாரும் இதே மாதிரிதான் பாத்தாரு. ஐம்பத்தொரு வயசுல என் பையன் வயசுப் பொண்ணுகிட்டத் திட்டு வாங்கணும்னு எழுதியிருக்கு பாருன்னு சிரிச்சாரு. அன்னைக்கு வச்ச பேருதான், குட்டி டீச்சர். இப்ப இந்த விமான ஷெட்ல மெக்கானிக் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடறாங்க. மைக்கை வாய்கிட்ட வைங்க சார்னு சொன்னா போதும், இருபத்தஞ்சு வருஷமா ஊர்க்காரங்க வாயைத் திறக்கச் சொன்னவன்கிட்டயேவா அப்படின்னுவாரு.

வீட்லயும் சொல்லுவாரா? என்னன்னு? ஐயோ, அதெல்லாம் சும்மாம்மா. நான் அவ்வளவு கண்டிப்பெல்லாம் இல்ல.

என்னம்மா சொல்றீங்க. பையன் உங்ககூடப் பேசறதே இல்லையா? ஒரே வீட்லயா? சாப்பாட்டை எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போய்டறானா... சார் இங்க சேர்ற ஃபாரத்துல நீங்க கையெழுத்துப் போட்டதுக்கா? அவரு ஆசைப்பட்டாரு, நீங்க போட்டீங்க. அதுல என்ன தப்பு?

ஓ. விபத்து அறிக்கையைப் படிச்சுட்டானா. அம்பது வயசுக்கு மேல கை நிதானம் போயிடும், அது தெரிஞ்சும் நீதான அனுப்புனன்னு கேட்டானா?

தண்ணி குடிங்கம்மா. மெதுவா.

அவரு கை நடுங்காதும்மா. நான் பாத்த ஸ்டூடன்ட்லயே நிதானமான கை அது. அறிக்கையில வேற மாதிரி இருக்கு, தெரியும். மொத தடவை சக்கரம் பட்டதும் விமானம் எகிறிடுச்சு, மேல போகாம பயிற்சி மாணவர் மூக்கைக் கீழ அமுக்கிட்டாருன்னு. அமுக்குனா முன்சக்கரம் மட்டும் தரையில மோதும். மோதிச்சு, உடஞ்சுது. ரன்வேயை விட்டு ஓரமா இழுத்துக்கிட்டுப் போயி வடிகால்ல குப்புறக் கவுந்துடுச்சு. அவரு இருந்த பக்கம்தான் சிமென்ட்ல இடிச்சுது. பெல்ட்ல தலைகீழாத் தொங்கிக்கிட்டு நான் கூப்பிட்டேன். சார், சார்னு. பதிலே வரல. அவருக்கு வலி தெரிஞ்சிருக்காதும்மா. டாக்டர் சொன்னாங்க, நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லல.

அறிக்கை எழுதுனவங்க யாரைக் கேட்டாங்கன்னா? என்னைத்தான். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேர் வந்தாங்க. கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதிக்கிட்டாங்க. வேற யாரைக் கேக்கறது? பெரிய விமானம்னா பேச்சைப் பதிவு பண்ண பெட்டி இருக்கும். இது ரெண்டு பேர் உக்கார்ற குருவி மாதிரி விமானம். உள்ள பேசிக்கறது அந்த ரெண்டு பேருக்குத்தான் தெரியும். டவர்ல இருந்து பாத்தவருக்கு ஆடுனதும் கவுந்ததும்தான் தெரிஞ்சுது.

ஆமாம்மா, லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அடுத்த மாசம் பெரிய கம்பெனியில இன்டர்வியூ. எங்கப்பா அதுக்குள்ள ஊரு பூரா சொல்லி வச்சிருக்காரு.

கடைசியா என்ன பேசுனாருன்னுதான கேக்கறீங்க. அதைக் கேக்கத்தான் வந்தீங்கன்னு நீங்க உள்ள நுழையும்போதே தெரியும்.

காலையில பத்து மணி. எடது பக்கத்துலேர்ந்து காத்து. இறங்கும்போது ஒரு வீச்சு வீசுச்சு, தடால்னு பட்டு எகிறிடுச்சு. ஆள் உசரம் இருக்கும். அது யாருக்கும் நடக்கறதுதான், எனக்கே எத்தனையோ தடவை நடந்திருக்கு. உடனே சொன்னாரு, டீச்சர், இது வேண்டாம், திரும்ப மேல போயிடலாம்னு. குரல்ல பதட்டமே இல்லம்மா. பல்லு புடுங்கறதுக்கு முன்னாடி பேசுவாரே, அந்தக் குரல். கை அதுக்குள்ள இன்ஜினுக்கு வேகம் குடுக்கற த்ராட்டில் மேல இருந்துச்சு. அதுதான் சரி. நான் அப்படித்தான் சொல்லிக்குடுத்திருந்தேன்.

எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு. ரன்வே குட்டையாத் தெரிஞ்சுது. எப்படியாவது தரையில வச்சுடணும்னு மட்டும்தான் தோணுச்சு. கன்ட்ரோல் என்கிட்டன்னு சொன்னேன். டீச்சர் அப்படிச் சொன்னா ஸ்டூடன்ட் விட்டுடணும், அது மொத நாள் பாடம். உங்ககிட்டன்னு சொன்னாரு. ரெண்டு கையையும் எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. ஒரு நொடி கூட யோசிக்கலம்மா.

மூக்கை அமுக்குனது நான்தான்.

நாளைக்குப் போயி அறிக்கை எழுதுனவங்க ஆபீஸ்ல நடந்ததை எழுதிக் குடுத்துடறேன். அதுக்கு முன்னாடி உங்க பையன் நம்பர் குடுங்கம்மா. நானே பேசறேன்.