இரண்டு இடது கால்கள்

வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் பிளாஸ்டிக் டைனோசரின் கால் இளகிவிடும் என்பது எனக்கும் தெரியும். சாய்ந்துபோன பொம்மையை நிமிர்த்த நானே எத்தனையோ தடவை அப்படிச் செய்திருக்கிறேன். வெந்நீர் கேட்டால், "உங்களுக்கா, உங்க மிருகங்களுக்கா?" என்றுதான் என் மனைவி கேட்பாள். இளகிய காலைப் பிடுங்கிவிட்டு வேறொரு காலை மாட்டலாம் என்பதும் தெரியும். ஆனால் என்னுடைய கார்னோட்டாரஸ் என்ற இரண்டு கால் டைனோசரின் இரண்டு இடது கால்களும் தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்தவை. நான் மாட்டியவை அல்ல.

நம் டைனோசர் பொம்மை சேகரிப்போர் சங்கத்தின் மூவர் குழு என்னை உட்காரவைத்து விசாரிப்பதில் எனக்கு வருத்தமில்லை. கண்காட்சியில் வைக்கும் ஒவ்வொரு பொம்மையும் வந்த வழியை அதன் சொந்தக்காரர் நேரில் சொல்ல வேண்டும் என்பது நம் விதி. அந்த விதிக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். "கெடைச்சுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டது என் தப்பு. அதனால்தான் தலைவரான பல் டாக்டர், "காலை இடுப்புல மாட்டின எடம் கொஞ்சம் வெளுத்திருக்கே சார்" என்று இழுத்தார். போலி செய்கிறவன் என்று என்னை ஒருவர் நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணைச் சோதிக்கிற வழுக்கைத் தலையன். வீட்டுக்கு வந்தால் மனைவி தூக்கிப் போட்ட மேக்கப் பிரஷ்ஷை எடுத்து ஸ்டெகோசரஸின் முதுகுத் தகடுகளுக்கு நடுவே தூசி தட்டுவேன். விருந்தாளிகள் அலமாரியைப் பார்த்து, "பிள்ளைங்க அழகா அடுக்கி வச்சிருக்காங்களே" என்பார்கள். என் பிள்ளைகளை நான் அந்த அலமாரிப் பக்கம் விட்டதே இல்லை.

புதிதாக எது வந்தாலும் விளையாட்டுக்கு ஒரு மதிப்பெண், அலமாரிக்கு ஒரு மதிப்பெண் போடுவேன். விளையாட்டுக்கென்றால் மேசையிலிருந்து தள்ளிவிட வேண்டும், தாடையை இழுத்துப் பார்க்க வேண்டும், பக்கெட் தண்ணீரில் முக்க வேண்டும். கூடவே உறுமவும் வேண்டும். உறுமாமல் சோதித்தால் கணக்கு சரியாக வராது என்பது என் அனுபவம். ஒருநாள் நான் உறுமிக்கொண்டே கதவைத் திறக்க, கூரியர்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்ல பெரியவங்க யாரும் இல்லீங்களா?" என்றார். அலமாரிக்கு ஒரே சோதனைதான். கண்ணாடித் தட்டில் பிடிமானம் இல்லாமல் சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

என் தங்கைக்கு ஏழு வயதில் ஒரு மகள். சிட்டு என்று கூப்பிடுவோம். சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிக்கொண்டு வந்த நேரம் காலில் பட்டை மாட்டி, தினமும் சுவரைப் பிடித்து நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பொறுமையாகச் செய்தால் பழையபடி ஓடுவாள் என்றார். அவளோ முடியவே முடியாது என்று அடம் பிடித்தாள். அப்புறம் ஒருநாள் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, உன் ஆளு ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்திருக்கு. இவங்கப்பா நடைபாதைக் கடையில வாங்கிட்டு வந்தார். அதுக்கு நிக்கத் தெரியலையாம். அதுக்குச் சொல்லித்தரேன்னு இவளே சுவரப் பிடிச்சு நடக்கறா. வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். சிட்டு ஒரு கையால் சுவரையும் மறு கையால் அந்தக் கார்னோட்டாரஸையும் பிடித்துக்கொண்டு கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தாள். தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தது பொம்மையின் வலது இடுப்பை. அங்கே ஓர் இடது கால் இருந்தது. அந்தத் தயாரிப்பில் சிலவற்றுக்குக் கால் மாறிப்போய்விட்டது என்று நாம் எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறோம். நம்மில் ஒருவர்கூடக் கண்ணால் கண்டதில்லை.

முதலில் நேர்மையாகத்தான் கேட்டேன். அடுத்த முறை போகும்போது என் அலமாரியில் கழிக்க வேண்டியவை என்று வைத்திருந்ததையெல்லாம் பை நிறைய எடுத்துப் போய், அந்த ஒன்றை மட்டும் தரச் சொன்னேன். அவள் பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்கு நிக்கவே தெரியாது மாமா. உங்க வீட்டுல யாரு அதைப் பிடிச்சுப்பாங்க?"

ஒரு சின்னப் பெண்ணிடம் தோற்றுவிட்டு, பையோடு பஸ் ஏறினேன்.

அப்புறம் கடையில் அதே கார்னோட்டாரஸ் ஒன்றை வாங்கினேன். சரியான கால்கள் உள்ளது. அவளுடையதில் எங்கெங்கே வண்ணம் உரிந்திருந்ததோ அங்கங்கே உப்புத்தாளால் தேய்த்தேன். வால் நுனியில் பல் பதிந்திருந்தது. அதற்காக நானும் சமையலறையில் நின்று வாலைக் கடித்தேன். மனைவி உள்ளே வந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

இங்கேதான் உங்கள் வெந்நீர் வருகிறது. நான் வாங்கியதன் வலது காலையும் பிடுங்கி ஓர் இடது காலை மாட்டியிருந்தால் சிட்டு எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டாள். பத்து நிமிட வேலை. பானையில் தண்ணீர்கூடக் கொதித்தது. ஆனால் பிழையைப் போலியாகச் செய்வது நம் சங்கத்தில் மன்னிக்க முடியாத குற்றம். அடுப்பை அணைத்தேன். என் கை அந்த அளவுக்குச் சுத்தம் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம் மாற்றி வைத்தேன். எழுந்ததும் அதைத் தரையில் வைத்தாள். அது நின்றது. கையை எடுத்தாள். அப்போதும் நின்றது.

"அம்மா, இங்க வாயேன். அதுக்குச் சரியாப் போச்சு. நான் சொல்லிக்கொடுத்தேன்ல, அதான்."

தங்கை கை தட்டினாள். நானும் தட்டினேன். குழந்தையின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அதைக் கொடுத்தவன் நான்தானே என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவள் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுவரைப் பிடிக்காமல், மாடிப்படியில் இறங்கியிருக்கிறாள். அதற்குச் சரியானால் அவளுக்கும் சரியாகியிருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அதில் தப்பு சொல்ல முடியாது. கூடிக்கொண்டிருந்த எலும்பு அதே இடத்தில் மறுபடி முறிந்தது. இந்த முறை கால் கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிடலாம் என்று டாக்டர் சொன்னதாகத் தங்கை அழுதாள். நானும் கூடவே அழுதேன். அதை நான் மறைக்கவில்லை.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று உண்மையானதைப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் போனேன். கட்டிலருகே மேசையில் மற்றது கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. சிட்டு அதைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அதுக்கு மட்டும் எப்படி மாமா?" என்று கேட்டாள்.

அந்த நிலையில் நான் பையைத் திறந்தால், பாவம், அதற்கும் மறுபடி கால் போய்விட்டது என்றல்லவா நினைப்பாள். குழந்தையின் மனது உடைந்துவிடும். அவள் நல்லதுக்காகவே பையைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

இதுதான் அது வந்த வழி. திருடினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஏமாற்றினேன் என்றும் எழுதுங்கள். வெந்நீர் என்ற சொல் மட்டும் எங்கும் வரக் கூடாது. இடுப்பில் தெரியும் வெளுப்பு, நிற்கவைக்க அவள் தினமும் பிடித்துப் பிடித்துத் தேய்ந்தது. என் பேச்சில் நம்பிக்கை இல்லையென்றால் அவளிடமே போய்க் கேட்கலாம். அந்தக் காலை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் போங்கள். இன்னும் பல மாதங்களுக்கு அவள் படுத்த இடத்தில்தான் இருப்பாள்.