எறங்கவா ஆத்தா?

கம்ப்யூட்டர் பழக அறுபத்தெட்டு வயது அதிகம் என்று என் மகன் பிரபு சொன்னான். எனக்கு நான்கு நாள்தான் ஆனது, ஐயா.

எங்களிடம் நான்கு டிரெய்லர் வண்டிகள். பூப்பாறைப் பக்கம் வெட்டிய மரங்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கீழே வரும். ஒவ்வொன்றின் அடியிலும் பிரபு ஒரு பெட்டி மாட்டினான். டிரைவர் பிரேக்கை மிதிக்க மிதிக்க, எந்தச் சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து, வண்டி இருக்கும் இடத்தையும் சேர்த்து, போடி ஆபீசில் என் திரைக்கு அனுப்பும். பச்சை என்றால் வரலாம். சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. மெக்கானிக் ஜீப்பில் மேலே போவார்.

அதில் ஒரு வழக்கம் வந்தது. மலை உச்சியில், மெட்டில் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் எனக்குப் போன் போடுவான். "எறங்கவா ஆத்தா?" நான் திரையைப் பார்த்து "எறங்கு" என்பேன், அல்லது "நில்லு" என்பேன். மூன்று வருடமாக என் வாய்ச்சொல் இல்லாமல் ஒரு வண்டியும் மலை இறங்கியதில்லை.

சிலமலைக்கார டிரைவர் பாண்டியராஜுக்கு "நில்லு" பிடிக்காது. "வண்டி எங்கிட்ட இருக்கு, டிவி உங்ககிட்ட இருக்கு. யாருக்கு ஆத்தா நல்லாத் தெரியும்?" என்பான்.

"டிவிக்குத்தான்டா" என்பேன்.

முனகிக்கொண்டே நிற்பான். ஒரு நாளும் மீறியதில்லை. அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

போன மாதம் பிரபு, திங்கட்கிழமை முதல் அவரவர் வண்டியின் நிலவரம் அவரவர் போனிலேயே தெரியும் என்றான். "நீ எதுக்கும்மா ஒக்காந்து கண்ணக் கெடுத்துக்கிட்டு?" என்றான். பக்கத்தில் நின்ற பாண்டியராஜ், "இனி ஆத்தாவுக்குச் சோலி இல்ல, நிம்மதியா சீரியல் பாக்கலாம்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை. அவன் எனக்கு இன்னொரு பிள்ளை மாதிரி.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் வண்டி மெட்டில் நின்றது. டிரெய்லரின் நான்கு சக்கரத்தில் மூன்று சிவப்பு. போன் வந்தது.

"எறங்கவா ஆத்தா?"

"திங்கக்கெழமைல இருந்து யாருகிட்டடா கேப்ப?"

"அன்னைக்கு நானே பாத்துக்கிர்றேன். இன்னைக்கு நீங்கதான மொதலாளி. வெரசாச் சொல்லுங்க, பசிக்குது."

"எறங்கு அப்பு" என்றேன்.

முதல் வளைவில் பிரேக் பிடிக்காமல் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், பயந்து மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்துவான் என்று நினைத்தேன். நில்லென்று சொன்னேன், கேட்கவில்லை என்று பிரபுவிடம் சொல்லலாம். டிரைவர் கையில் இதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று அவனுக்கும் புரிந்துவிடும். இதில் யாருக்கும் நட்டம் இல்லை.

திரையைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது வளைவில் நான்காவது சக்கரமும் சிவப்பானது. போன் என் கையில்தான் இருந்தது. ஆனால் வண்டி ஓடும்போது டிரைவரைக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். ஏழாவது வளைவோடு திரை அசையாமல் நின்றுவிட்டது. அதற்குக் கீழே பள்ளம்.

"நல்லவேளை, இவனுங்க கையில குடுக்கல" என்றான் பிரபு. திரை என்னிடமே இருக்கிறது.

ஆபீஸ் போனில் பேசுவது பதிவாகும் என்று அவன் எனக்குச் சொல்லித் தரவில்லை. நீங்கள் ஸ்டேஷனில் போட்டுக் காட்டியது என் குரல்தான். சிவப்பைப் பார்த்துத்தான் சொன்னேன். கண்ணாடியும் போட்டிருந்தேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். துட்டி வீட்டில் அவன் பெண்டாட்டி செல்லத்தாய் என் மடியில் விழுந்து, "கடேசியா என்ன ஆத்தா பேசுனாரு?" என்று கேட்டாள்.

"நில்லுன்னேன்த்தா. பசிக்குதுன்னு எறங்கிட்டான்" என்றேன்.

"சொன்ன பேச்சக் கேக்காத மனுசன்" என்று அவனைத் திட்டித் திட்டித்தான் இன்றைக்கும் அழுகிறாள். திட்டினால் துக்கம் கொஞ்சம் இறங்கும். என்னால் அவளுக்குக் கொடுக்க முடிந்த ஆறுதல் அது ஒன்றுதான். அதைப்போய் நீங்கள் பிடுங்கிவிடாதீர்கள், ஐயா.