தெற்கே எழுந்த பதினோரு மாடி

வெயிலைக் காட்டி வீடு விற்ற பில்டரே அந்த வெயிலை மறைத்தும் விட்டார். நகரத்தின் வானவடிப் பகுதியிலிருந்து போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த இரண்டு தமிழ்ப் பெண்களின் பேச்சிலிருந்துதான் இது எனக்குத் தெரிந்தது. கடக்வாஸ்லா பக்கம் வீடு கட்டும் இளையவள், சோலார் வாட்டர் ஹீட்டர் போடலாமா என்று மற்றவளைக் கேட்டாள்.

"தாராளமா போடு கண்ணு. எங்களுக்கும் மே மாசமெல்லாம் கொதிக்கக் கொதிக்க வரும். இந்தக் குளிருக்குத்தான் பச்சத்தண்ணி வருது."

"ஏனுங்கக்கா, ரிப்பேருங்களா?"

"ரிப்பேரெல்லாம் இல்ல. அதே பில்டர் தெக்கால பதினோரு மாடி எழுப்பிட்டான். குளிர்காலத்துல சூரியன் தெக்க சாஞ்சுதான போகுது? எங்க மொட்டைமாடி பூரா நிழலு."

"கீசர் மாட்டிக்கலாமில்லீங்க?"

"சோலார் இருக்குதுன்னு பாத்ரூம்ல அதுக்கு பாயின்ட்டே வெக்கல. எந்தங்கச்சி புள்ள பெத்து இருவது நாளு. நேத்து அடுப்புல காச்சின தண்ணியத் தூக்கிட்டுப் போறப்ப கால்ல கொட்டிக்கிட்டா. நடக்க முடியல."

"பில்டர் என்னங்க சொல்றாரு?"

"தனியாப் போனா டீ வாங்கிக் குடுக்கறான். ஏப்ரல்ல வெயில் வந்துரும், பொறுங்கங்கறான். பச்சப்புள்ள ஏப்ரல்ல குளிச்சாப் போதுமாமா?"

மூத்தவளே தொடர்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க அபார்ட்மென்ட் சொசைட்டி மீட்டிங்குக்கு அவனக் கூப்பிட்டிருக்கோம். இந்த சோலார வித்தப்பவே தெக்கால கட்டப்போறது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? அத்தன வீட்டுக்காரங்க முன்னாலயும் நின்னு சொல்லட்டும்."