பழுப்பு வட்டு

வேலூரிலிருந்து அமிர்தி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டுப் பெண் செல்போனைப் பார்த்துக் கத்தினாள்.

“அக்கா, செத்துப்போச்சு! எல்லாம் செத்துப்போச்சு!”

கத்திவிட்டுச் சிரித்தாள். பால்கேனோடு உட்கார்ந்திருந்தவர் பதறித் திரும்பினார்.

“யாரும்மா செத்தாங்க?”

“புண்ணுல சீழ் வெக்கிற கிருமிங்க. கிருமி வளக்கிற தட்டுல ஜவ்வாது மலைக் காளான் சாறு ஊறின காகித வட்டு வெச்சோம். லேப்ல இருந்து போட்டோ வந்துருக்கு. வட்டைச் சுத்தி ஒரு கிருமிகூட மொளைக்கல.”

பக்கத்திலிருந்த அக்கா போனைப் பிடுங்கினாள். “குதிக்காதடி. அதே தட்டுல மருந்து வட்டும் ஒண்ணு இருக்குது. கிருமி செத்தது எந்த வட்டுக்கு? வட்டுங்க பேரு எங்க எழுதின?”

“மூடி மேல.”

“மூடி சுத்திக்கினா எது எதுன்னு இன்னாத்த கண்ட? தட்டு அடியில எழுதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?”

சிரிப்பு நின்றுவிட்டது. பஸ் ஒரு வளைவு திரும்பியது. பிறகு அக்காவே படத்தைப் பெரிதாக்கினாள்.

“ஏய், மருந்து வட்டு வெள்ளையாத்தான இருக்கும்?”

“ஆமாங்க்கா.”

“கிருமி செத்த வட்டு பழுப்புடி! வெள்ளையச் சுத்தி கிருமி அப்பிடியே மொளைச்சிருக்குது! காளான் கறைடி! மருந்துக்கே மசியாதது நம்ம காளானுக்கு செத்துருக்குதுடி!”

இருவரும் கட்டிக்கொண்டு போட்ட கூச்சலில் டிரைவரே கண்ணாடியில் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் கூடையோடு ஒரு அம்மாள் ஏறினார். சின்னவள் போனில் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, செத்துப்போச்சும்மா!”

ஏறியவர் நெஞ்சில் கை வைத்தார். பால்காரர் நகர்ந்து இடம் விட்டார்.

“பயப்படாதம்மா, ஒக்காரு. நல்ல சாவுதான்.”