அட்டைக்குத் தடவிய உப்பு

நுவரெலியா பஸ்ஸில் முன் சீட்டில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் தாயும் கெம்பஸில் படிக்கும் மகளும்.

“நீங்க அட்டை கடிக்காம இருக்கத் தடவுன உப்பாலதாம்மா எனக்குத் திட்டு!”

“என்னாடி சொல்ற?”

“உப்புக் கையோட கிள்ளின கொழுந்த லேப்புக்குக் குடுத்தீங்க. தேயிலைத் துவர்ப்ப மெஷின்ல கரண்டு விட்டு அளக்குறோம். உப்பு கரைஞ்சா கரண்டு நல்லா ஓடும். என்னோடது மட்டும் துவர்ப்பு கூடுதலாக் காட்டுச்சு. ‘தோட்டத்து ஆளுங்களுக்குச் சுத்தம் தெரியாது’ன்னு பாடம் நடத்துற சேர் எல்லார் முன்னாடியும் சொன்னாரு.”

“நீ வாயத் தொறக்கலயா?”

“தொறந்தேன். அளக்குறதுக்கு முன்னாடி தேயிலைச் சாறு உள்ள எல்லாப் போத்தல்லயும் ஒரே அளவா நெறைய உப்பு போட்டிருந்தா இந்தத் துளி உப்பு தெரிஞ்சே இருக்காது, போட மறந்தது நீங்கதான்னேன்.”

தாயின் குரல் உயர்ந்தது.

“அவர மலைக்குக் கூட்டிட்டு வா. உப்பு தடவாம ஒரு நாள் கொழுந்து கிள்ளட்டும். அட்டையெல்லாம் பிச்சுப் போட்டுட்டு, அப்பறம் சுத்தம் பேசட்டும்!”