ரெண்டாவது டம்ளர்

கருப்புசாமி: இது நான் வாங்கிக் குடுத்த செடி இல்லை.

மருதாம்பாள்: வந்ததும் வராததுமா... செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாடா. பஸ்ஸு சத்தம் கேட்டதுமே காப்பி ஆத்தி வெச்சிட்டேன்.

கருப்புசாமி: பேச்சை மாத்தாதம்மா. சித்திரைல கோயமுத்தூர்ல இருந்து நான் கொண்டாந்த ஸ்நேக் பிளாண்டுக்கு இலை ஓரமெல்லாம் மஞ்சக் கரை இருந்துச்சு. இதுல எங்க கரை?

மருதாம்பாள்: இந்த ஜெகதளா மலைக் குளிருக்கு என்ற தோலே வெளுத்துப் போச்சு. செடிக்கு வெளுக்காதா?

கருப்புசாமி: பஸ்ஸுல இடிச்சு ஒரு இலைக்கு நுனி ஒடிஞ்சிருந்துச்சு...

மருதாம்பாள்: அது... வளந்திருச்சு.

கருப்புசாமி: ஒடிஞ்ச நுனி வளருமா?

மருதாம்பாள்: உனக்குப் பல்லு உழுந்து முளைக்கலையா?

கருப்புசாமி: சிரிக்காத! நமக்குள்ள என்ன பேச்சு? அதும் மறந்திருச்சா?

மருதாம்பாள்: மறக்கலை. மழைக்காலம் முடியிற வரைக்கும் செடி உசுரோட இருந்தா நான் இந்த ஊட்டுலயே இருந்துக்கலாம். செத்துப் போச்சுன்னா ஊட்டைப் பூட்டிட்டு உன்கூட வரோணும்.

கருப்புசாமி: அடுப்பை அணைக்காம பக்கத்துல அங்கம்மாக்கா ஊட்டுல போயி உக்காந்திருந்த. அதனாலதான் அப்படிச் சொன்னேன். கடைக்காரர் என்ன சொன்னாரு? செடியே வளத்துப் பழகாதவங்க கூட வளக்கலாம், மண்ணு நல்லாக் காஞ்சப்புறம் தண்ணி ஊத்தினாப் போதும்னாரு. அதையும் சாகடிச்சிட்ட!

மருதாம்பாள்: சுசீலாவைக் கூட்டிட்டு வந்திருக்கலாமல்லோ?

கருப்புசாமி: அவளுக்கு... லீவு இல்லை. செடி எப்பிடிச் செத்துச்சு?

மருதாம்பாள்: பொண்டாட்டிக்கு லீவு இல்லைன்னா உனக்கெதுக்குக் கண்ணு கலங்குது?

கருப்புசாமி: அம்மா... செடியப் பத்திக் கேட்டேன்.

மருதாம்பாள்: அழுகிப் போச்சுடா. ஆடில வெயிலே இல்லை. தொட்டுப் பாத்தேன், கொழகொழன்னு கையோட வந்திருச்சு. குன்னூர் மார்க்கெட்டுல இதை வாங்கியாந்து வெச்சேன். போதுமா?

கருப்புசாமி: ஊத்துனதை மறந்து மறந்து ஊத்தியிருக்க!

மருதாம்பாள்: மறதி இல்லை!

கருப்புசாமி: பின்ன?

மருதாம்பாள்: காப்பி.

கருப்புசாமி: என்னது?

மருதாம்பாள்: உங்கப்பா போயும் இந்தக் கை கேக்க மாட்டேங்குது. காலைல ரெண்டு டம்ளர் ஆத்திருது. ஒண்ணை நான் குடிச்சிருவேன். இன்னொண்ணைக் கீழ கொட்ட மனசு வரலை. அதான், செடிக்கு...

கருப்புசாமி: பாலும் சீனியுமாவா?

மருதாம்பாள்: சீனி இல்லைடா, நாட்டுச்சக்கரை. அவருக்கு அதுதான புடிக்கும்.

கருப்புசாமி: ஆமா, அப்பாவுக்கு அதுதான் புடிக்கும்.

மருதாம்பாள்: ஏண்டா அந்தப் பக்கம் திரும்பிக்கற?

கருப்புசாமி: ஒண்ணுமில்லை. நீ தோத்துட்ட. துணிமணிய எடுத்து வை.

மருதாம்பாள்: மறதிக்காரின்னு பேரு வெச்சு இழுத்துட்டுப் போறதுன்னா ஒரு அடி எடுத்து வெக்க மாட்டேன்.

கருப்புசாமி: தனியா இருந்து என்னதான் பண்ணப் போற?

மருதாம்பாள்: நீ என்ன பண்ற?

கருப்புசாமி: நான் எங்க... நான் எங்க தனியா இருக்கேன்?

மருதாம்பாள்: சட்டையில ரெண்டு பட்டனைக் காணோம். கன்னம் ஒட்டிக் கெடக்குது. என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு சாமி.

கருப்புசாமி: அன்னிக்கு அதே செடி எனக்கும் ஒண்ணு வாங்கினேன்மா. பையை உட்டு வெளிய கூட எடுக்கலை. அதுக்குள்ளயே செத்துக் கெடக்குது. சுசீலா என்னை உட்டுட்டுப் போயிட்டாம்மா... பங்குனிலயே. எல்லாம் என்ற வாயாலதான். வேலை முடிஞ்சு கதவைத் தொறக்கவே பயமா இருக்குது. உனக்கு மறதியுமில்லை, ஒண்ணுமில்லை. எனக்குத்தான் முடியலை. எனக்குத் துணைக்கு வாம்மா.

மருதாம்பாள்: இதைக் கேக்கறதுக்கு உனக்கு இத்தனை மாசமாடா? சுசீலா போன அன்னிக்கே எனக்குப் போன் பண்ணி அழுதா. நீயா வாய் தொறந்து கூப்பிடோணும்னுதான் செத்த செடிக்குப் பதிலா இதை வெச்சுட்டு உக்காந்திருந்தேன். துணியெல்லாம் நேத்தே கட்டியாச்சு, கட்டிலுக்கடியில இருக்குது. எடுக்கறதுக்கு முந்தி அந்த ரெண்டாவது டம்ளரைக் குடி, ஆறிப் போகுது.