இருட்டைப் பங்கு வைத்தவர்

மின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இன்று ஓய்வு பெறும் எங்கள் தலைமைப் பொறியாளர் அம்மையாருக்கு, உடன் பணியாற்றியோர் வாசித்தளிக்கும் மடல்.

மேலிடத்து மிரட்டலுக்கு மசியாத மாண்பே! மின்வெட்டிலும் முறை பிறழாத முதல்வியே! ஒளி தந்தோரை உலகம் வாழ்த்தும்; இருட்டை முறையாகப் பங்கு வைத்தவரை வாழ்த்த ஆளில்லை என்பதால் அந்தப் பொறுப்பை நாங்களே ஏற்றுக்கொண்டோம்.

சூரியத் தகடுகள் ஓயும் அந்தியில் ஊரே ஒன்றாக விளக்குப் போடும். கேட்பது மலை, கிடைப்பது மடு. எங்கேனும் ஓரிடத்தில் மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். தாங்கள் வரும்வரை அந்த இடம் எப்போதும் ஆற்றோரக் குடியிருப்புதான். அங்கிருந்து போன் செய்து திட்ட ஆளில்லை என்பதைத் தவிர வேறு காரணமில்லை. பிள்ளைகளின் படிப்பும், மேல்தொட்டிக்கு ஏறாத தண்ணீரும், சுகாதார நிலையத்துத் தடுப்பூசிப் பெட்டியும் அவர்கள் பாடு. பற்றாக்குறைக்கு ஆற்றோரத்து டீசல் மின்நிலையத்தை ஓட்டினாலோ, கரி படிவதும் அவர்கள் காயப்போட்ட துணியின் மேல்தான். மேட்டுத் தெருவுக்குக் குளிர்சாதனம், பள்ளத்துக்குப் புகை. இதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்திருந்தோம்.

தாங்கள் வந்ததும் டீசல் நிலையத்தைப் பூட்டினீர்கள். எல்லாத் தெருவுக்கும் முறை வைத்து அரைமணி இருட்டைப் பிரித்தீர்கள். முதல் முறை தங்கள் சொந்தத் தெரு. அன்று தங்கள் கணவர் போனில் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, ஊருக்கே கரண்ட் குடுக்குறவ வீட்டுலயே கரண்ட் இல்லைன்னா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். இருட்டுல யாரு சிரிச்சாங்கன்னு தெரியவா போகுது? மெழுகுவர்த்திய ஏத்துங்க."

"இருட்டக்கா" என்ற பட்டம் அன்று ஒட்டியது.

முறைப்படி இன்று அந்தியில் இருட்டு இந்த மண்டபத் தெருவுக்கு. விழா முடியும்வரை மண்டபத்தைத் தொடாதே, பழையபடி ஆற்றோரத்தை நிறுத்து என்று மேலிடம் உத்தரவிட்டிருக்கிறது. இன்று விட்டால் நாளையும் அப்படித்தான். தங்கள் நாற்காலியில் தம்பி ஒருவர் இப்போது பணியில் இருக்கிறார். "என்னக்கா செய்யுறது?" என்று கேட்டார். "நான்தான் ரிட்டயர் ஆயிட்டேனே. இனி உன் கை, உன் மனசு" என்றீர்கள். அவர் என்ன செய்வார் என்று எங்களுக்குத் தெரியாது.

தாங்கள் இனியாவது அந்தி நேரத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். நோயின்றி நெடுங்காலம் வாழ வேண்டும்.

அன்புடன்,
கட்டுப்பாட்டு அறைத் தோழர்கள்

மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும்போது சேர்த்தது: "நெடுங்காலம்" என்ற சொல்லை வாசிக்கையில் மின்விசிறி நின்றது, விளக்குகள் அணைந்தன. ஜன்னல் வழியே ஆற்றோரம் முழுக்க வெளிச்சம் தெரிந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரென்று தெரியவில்லை.